மார்ஷா நடையை முடித்த குதிரையின் இரத்தத்தைப் படிப்பது எப்படி: மங்கலார்கா மர்ஷடோர் குதிரைக்கான முழுமையான வழிகாட்டி

பயிற்சிக்குப் பிறகு குதிரையின் இரத்தத்தைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எண்களைப் பார்க்கிறார்கள். நான் முதலில் நேரத்தைக் கேட்பேன். இரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது? வேலை முடிந்து எத்தனை நிமிடம் ஆகியிருந்தது? ஊசி குத்தும்போது குதிரை அமைதியாக நின்றதா, மிரண்டதா? இந்த விவரங்கள் எழுதப்படாத ஆய்வக அறிக்கையை நம்பி ஒரு குதிரைக்கு மருந்தையோ தீவனத்தையோ மாற்றக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சிவப்பணு, தசை நொதி, ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் பொருள்) என்று எதை எடுத்தாலும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. அந்தக் கடிகாரங்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த வழிகாட்டிக்கு பிரேசிலின் மங்கலார்கா மர்ஷடோர் குதிரையை எடுத்துக்கொள்கிறேன். மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் தென்பகுதிப் பண்ணைகளில், போர்ச்சுகலிலிருந்து வந்த ஆண் குதிரைகளை உள்ளூர்ப் பெண் குதிரைகளோடு சேர்த்து உருவாக்கிய இனம் இது. க்ரூசீலியா நகரைச் சுற்றிய பகுதியை இதன் தொட்டில் என்பார்கள். இதற்கான வளர்ப்போர் சங்கம் 1949இல் பெலோ ஹொரிசோன்டே நகரில் தொடங்கப்பட்டது. 2014இல் இதைத் தேசிய இனமாக அறிவித்துச் சட்டமே இயற்றினார்கள்.

படி 1: என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்

இந்தக் குதிரையின் பெருமை அதன் மார்ஷா நடை. சாதாரணக் குதிரை டிராட் எனப்படும் துள்ளு நடை போகும்போது நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும் ஒரு கணம் உண்டு; சவாரி செய்பவரைத் தூக்கிப் போடுவது அதுதான். மார்ஷாவில் அந்தக் கணம் இல்லை. எப்போதும் ஏதேனும் ஒரு குளம்பு தரையில் இருக்கும். இடையிடையே மூன்று கால்கள் ஒருசேர ஊன்றும். குறுக்குக் கால்கள் இணைந்து ஊன்றுவது மிகுந்திருந்தால் அது மார்ஷா படீடா. ஒரே பக்கத்துக் கால்கள் இணைவது மிகுந்திருந்தால் மார்ஷா பிகாடா. இதற்கு மரபணுப் பின்னணியும் உண்டு. டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம் குதிரைகளின் நடையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது 2012இல் வெளியானது. பிகாடா நடக்கும் மர்ஷடோர்களில் இந்த மாற்றம் பரவலாகக் காணப்படுகிறது; படீடா நடப்பவற்றில் பெரும்பாலும் இல்லை.

இரத்தப் பரிசோதனைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? போட்டியில் மார்ஷா சில நிமிட வேலையாக முடிவதில்லை. நடுத்தர வேகத்தில், நடை குலையாமல், ஒரு மணி நேரத்தை ஒட்டி நீடிக்கும். பந்தயக் குதிரை ஓரிரண்டு நிமிடம் நாலுகால் பாய்ச்சலில் உயிரைக் கொடுத்து ஓடுவதற்கும் இதற்கும் உடலுக்குள் நடப்பது வேறு வேறு. மார்ஷாவில் ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிஜனைக் கொண்டே கிடைக்கிறது. வியர்வை, வெப்பம், நீர் இழப்பு, நீண்ட நேரத் தசை உழைப்பு ஆகியவையே இங்கே முதன்மையானவை. தரோபிரெட் பந்தயக் குதிரைகளுக்காகத் தொகுத்த அட்டவணையை மர்ஷடோர் மேல் வைத்துப் பார்ப்பது வீண். நம் மார்வாரி, காத்தியாவாரி குதிரைகளை ரேவால் என்ற அவற்றின் இயல்பான மென்னடையில் நெடுநேரம் ஓட்டுபவர்களுக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தும். எண்களை மட்டும் அவரவர் குதிரையிடமிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: ஓய்வு நிலை மாதிரியைச் சரியாக எடுங்கள்

குதிரையின் மண்ணீரல் ஒரு சேமிப்புக் கிடங்கு. உடலிலுள்ள சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அதில் இருப்பில் இருக்கும். அட்ரினலின் சுரந்தவுடன் மண்ணீரல் சுருங்கி அவற்றை இரத்த ஓட்டத்தில் கொட்டிவிடும். ஓடினால்தான் சுரக்கும் என்று இல்லை. புதிய ஆள் லாயத்துக்குள் வந்தாலும், பக்கத்துக் கொட்டகையில் பெண் குதிரை கனைத்தாலும், ஊசியைக் கண்டு மிரண்டாலும் போதும். சவாரிக் குதிரைகளின் ஓய்வு நிலை ஹெமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறக்குறைய 32 முதல் 45 சதவீதம். மிரண்ட குதிரையில் இது சட்டென்று உயர்ந்துவிடும். அதை ஓய்வு நிலை அளவு என்று குறித்துக்கொண்டால், பிறகு பயிற்சியின் விளைவு எதுவுமே தெரியாது.

ஆகவே ஓய்வு மாதிரியை, குதிரைக்குப் பழகிய ஆள் பிடித்திருக்க, அதன் சொந்தக் கொட்டகையில், காலைத் தானியம் வைப்பதற்கு முன் எடுங்கள். முந்தைய நாள் கடும் வேலை இருக்கக் கூடாது. லாரியில் ஏற்றி வந்த நாளும் வேண்டாம். தசையில் ஊசி மருந்து போட்டிருந்தால் சில நாள் பொறுங்கள். அந்த ஊசியே தசை நொதியை உயர்த்திவிடும். ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் எடுப்பது முக்கியம். கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் காலையில் கூடியும் மாலையில் குறைந்தும் இருப்பதால், காலை மாதிரியை மாலை மாதிரியோடு ஒப்பிட முடியாது.

உண்ணிகள் மலிந்த பிரேசில் மேய்ச்சல் நிலங்களில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அங்கே தைலீரியா ஈக்வி, பபீசியா கபாலி என்ற இரத்த ஒட்டுண்ணிகள் பரவலாக உள்ளன. வெளிப்படையான நோய்க்குறி எதுவும் இல்லாமலே ஒட்டுண்ணியைச் சுமக்கும் குதிரைகள் பல. ஓய்வு நிலையிலேயே சிவப்பணு குறைவாக இருந்தால், பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதித்துவிடுங்கள்.

படி 3: எந்த நேரத்தில் எதைத் தேடுவது

எல்லா மாதிரிகளையும் வேலை முடிந்த கையோடு எடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் பரவலாக நடக்கும் தவறு. நான்கு நேரங்கள் வேண்டும்.

வேலை முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் எடுப்பது லாக்டேட் (தசை குளுக்கோஸை உடைக்கும்போது உண்டாகும் பொருள்), ஹெமட்டோகிரிட், பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) புரதம் ஆகியவற்றுக்கு. அரை மணி நேரம் கழித்து எடுப்பது கார்டிசாலுக்கும், குதிரை எப்படி மீள்கிறது என்று பார்ப்பதற்கும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி உச்சத்தில் இருக்கும். வெள்ளையணுக்களின் இரண்டாம் கட்ட மாற்றமும் அப்போதுதான் தெரியும். 24 மணி நேரத்தில் தசையிலும் கல்லீரலிலும் உள்ள ஏ.எஸ்.டி. நொதியும், ஆக்சிஜனேற்ற அழுத்தம் (ஆக்சிஜனேற்றத்தால் உடலுக்கு வரும் சேதம்) தணிந்ததா என்பதும் தெரியும். பணம் குறைவாக இருந்தால் அரை மணி நேர மாதிரியை விட்டுவிடலாம். 24 மணி நேர மாதிரியை மட்டும் விட வேண்டாம்.

படி 4: குழாயும் கையாளும் முறையும்

கழுத்துச் சிரையிலிருந்து எடுப்பதுதான் வழக்கம். அதை ஒரு கால்நடை மருத்துவரே செய்ய வேண்டும். அணு எண்ணிக்கைக்கு ஊதா மூடிக் குழாய். லாக்டேட்டுக்கும் குளுக்கோஸுக்கும் சாம்பல் மூடிக் குழாய். வெளியே எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் குளுக்கோஸை உடைத்து லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்; சாம்பல் குழாயிலுள்ள ஃப்ளூரைடு அதைத் தடுக்கிறது. சாம்பல் குழாயிலிருந்து ஹெமட்டோகிரிட் பார்க்கக் கூடாது. அதிலுள்ள ஆக்சலேட் அணுக்களைச் சுருக்கிவிடும். நொதிகளுக்கும் வைட்டமின் ஈ-க்கும் சீரம், அதாவது இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர், வேண்டும்.

வைட்டமின் ஈ மாதிரியை வெளிச்சம் படாமல் தாளிலோ அலுமினியத் தகட்டிலோ சுற்றி வையுங்கள். குழாயைச் சாய்க்காமல் நிமிர்த்தியே வைக்க வேண்டும். ரப்பர் மூடியில் சீரம் பட்டால் வைட்டமின் ஈ குறைந்து காட்டும்.

பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். அந்த மாதிரியை ஆன்டிஆக்சிடன்ட் சோதனைக்கு அனுப்பவே வேண்டாம். சிவப்பணுவுக்குள் இருக்கும் கேட்டலேஸ், எஸ்.ஓ.டி. (சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ்) முதலிய ஆன்டிஆக்சிடன்ட் நொதிகள் வெளியே கலந்து கணக்கையே குலைத்துவிடும். குதிரையின் பிளாஸ்மா இயல்பிலேயே மஞ்சளாக இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

படி 5: செறிவு கூடியதைக் கழித்துவிடுங்கள்

இந்த ஒரு படியைச் செய்யாததால் எத்தனையோ குதிரைகள் தேவையில்லாத சத்து மருந்துகளை விழுங்குகின்றன. அதனால் இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

நடக்கும்போது பிளாஸ்மாவிலுள்ள நீரில் ஒரு பகுதி தசைகளுக்குள் நகர்கிறது. இன்னொரு பகுதி வியர்வையாகிறது. குதிரையின் வியர்வை மனிதருடையதைவிட உப்பு மிகுந்தது. வெப்பமான நாளில் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலும் போகக்கூடும். இரத்தத்தில் நீர் குறைந்தால் அதில் மிதக்கும் எல்லாப் பொருள்களும் செறிவு கூடியதாகக் காட்டும், ஒன்றுகூடப் புதிதாக உருவாகாமலே.

ஓர் எடுத்துக்காட்டு. ஓய்வில் பிளாஸ்மா புரதம் 100 மில்லிலிட்டருக்கு 6.4 கிராம், மார்ஷா முடிந்தவுடன் 7.0 கிராம் என்று கொள்வோம். 6.4-ஐ 7.0 ஆல் வகுத்தால் 0.914. அதாவது பிளாஸ்மாவின் அளவு ஏறத்தாழ 8.6 சதவீதம் சுருங்கியிருக்கிறது. அதே மாதிரிகளில் மலோண்டைஆல்டிஹைடு, அதாவது கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் தடயம், 2.0 மைக்ரோமோலிலிருந்து 2.2 ஆகியிருக்கிறது. பத்து சதவீத உயர்வு. கொழுப்புப் படலங்கள் சேதமாகின்றன என்று பதறத் தோன்றும். 2.2-ஐ 0.914 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2.01. குதிரையின் உடலில் எதுவும் மாறவில்லை. நீர் மட்டுமே குறைந்திருக்கிறது.

சிவப்பணு நொதிகளிலும் இதே சிக்கல் உண்டு. ஹீமோகுளோபின் 12.5 கிராமிலிருந்து 15.5 ஆனால், முழு இரத்தத்தில் அளந்த குளுட்டத்தையோன் பெராக்சிடேஸ் தானாகவே 24 சதவீதம் கூடித் தெரியும். ஆகவே இந்த அளவுகளை ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எவ்வளவு என்றே கேட்டு வாங்குங்கள்.

ஹெமட்டோகிரிட்டையும் புரதத்தையும் சேர்த்துப் படித்தால் இன்னொன்று தெரியும். ஹெமட்டோகிரிட் உயர்ந்து புரதம் அப்படியே இருந்தால் அது மண்ணீரலின் வேலை. ஓரிரு மணி நேர ஓய்வில் இறங்கிவிடும். இரண்டும் உயர்ந்து, ஓய்வுக்குப் பிறகும் புரதம் இறங்காவிட்டால் குதிரைக்கு நீர் பற்றவில்லை. தண்ணீரும் உப்பும் கொடுத்தாக வேண்டும்.

படி 6: லாக்டேட்டும் இதயத் துடிப்பும்

ஓய்வில் லாக்டேட் லிட்டருக்கு 1 மில்லிமோலை ஒட்டி இருக்கும். 4 மில்லிமோல் என்பது, தசைகள் ஆக்சிஜன் துணையில்லாமல் கூடுதல் ஆற்றல் எடுக்கத் தொடங்கியதற்கான வழக்கமான எல்லைக்கோடு. நன்கு பழகிய மர்ஷடோர் தன் இயல்பான வேகத்தில் நடந்தால் இந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் வேகம் கூடுதல், அல்லது பயிற்சி போதாது. பல மாதங்கள் இதே வேகத்தில் நடத்தி லாக்டேட் இறங்கிக்கொண்டே வந்தால் பயிற்சி பலிக்கிறது என்று பொருள். மலிவான சோதனைகளில் இவ்வளவு தெளிவாகப் பேசுவது வேறொன்றும் இல்லை. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64க்குக் கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். நெடுந்தூரப் போட்டிகளில் மருத்துவர்கள் பார்க்கும் அளவு அதுதான்.

படி 7: தசை நொதிகள்

கிரியேட்டின் கைனேஸ் விரைவாக ஏறி விரைவாக இறங்கும். இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரமே போதும். ஏ.எஸ்.டி. மெதுவாக ஏறி, ஒரு வாரத்துக்கு மேலும் தங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காயத்தின் வயது தெரியும். முதலாவது மட்டும் உயர்ந்திருந்தால் இன்றைய வேலை. இரண்டாவது மட்டும் உயர்ந்திருந்தால் சில நாட்களுக்கு முன் நடந்தது. அல்லது கல்லீரலையும் சோதிக்க வேண்டும். இரண்டும் உயர்ந்தபடியே இருந்தால் சேதம் தொடர்ந்து நடக்கிறது.

சாதாரண மார்ஷாவுக்குப் பிறகு கிரியேட்டின் கைனேஸ் சற்று உயர்வது இயல்பே. நான்கு மணி நேர மாதிரியில் ஓய்வு அளவைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போனால் எச்சரிக்கை. ஆயிரக்கணக்கில் ஏறி, குதிரை பின்னங்கால் விறைத்து நடக்க மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது தசைச் சிதைவு. அந்தக் குதிரையை ஓர் அடிகூட நடத்தாமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

வெள்ளையணுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்தவுடன் அட்ரினலினால் எல்லாமே கூடும். சில மணி நேரத்தில் கார்டிசாலின் விளைவாக நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை கூடி, லிம்ஃபோசைட் என்ற வகை குறையும். 24 மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் மட்டும் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 8: ஆன்டிஆக்சிடன்ட் அளவுகள்

தசை உழைக்கும்போது ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் வினைத்துடிப்பு மிக்க மூலக்கூறுகள் உருவாகின்றன. அவற்றை அடக்கும் காவல் அமைப்பில் இரு பிரிவு. ஒன்று நொதிகள்: எஸ்.ஓ.டி.க்குச் செம்பு, துத்தநாகம், மாங்கனீசு வேண்டும், குளுட்டத்தையோன் பெராக்சிடேஸுக்குச் செலினியம் வேண்டும், கேட்டலேஸுக்கு இரும்பு. மற்றது நொதியல்லாதவை: வைட்டமின் ஈ, குளுட்டத்தையோன், யூரிக் அமிலம், வைட்டமின் சி. வைட்டமின் சி-யைக் குதிரை தன் கல்லீரலிலேயே செய்துகொள்கிறது. மனிதரைப் போல உணவை நம்பியிருப்பதில்லை.

அறிக்கையில் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள்.

முதலாவது, மார்ஷா முடிந்தவுடன் நொதி கூடியிருப்பது. பயிற்சி அதற்குள் நொதியை வளர்த்துவிட்டது என்று எண்ணுவது தவறு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. புதிய நொதியை அதனால் செய்ய முடியாது. ஒரு மணி நேரத்தில் தெரியும் மாற்றம், மண்ணீரலிலிருந்து வேறு சிவப்பணுக்கள் வந்து கலந்ததாலோ, ஏற்கெனவே இருந்த நொதியின் செயல்திறன் மாறியதாலோ ஏற்படுவது. உண்மையான வளர்ச்சி தெரிய வேண்டுமானால் புதிய சிவப்பணுக்கள் பிறந்து வர வேண்டும். குதிரையின் சிவப்பணு ஏறத்தாழ ஐந்து மாதம் வாழ்கிறது. இன்று பார்க்கும் குளுட்டத்தையோன் பெராக்சிடேஸ், கடந்த சில மாதங்களில் குதிரை தின்ற செலினியத்தின் கணக்கு. நேற்று கொடுத்த மருந்தை அதில் தேடாதீர்கள்.

இரண்டாவது, மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன் கூடியிருப்பது. கேட்க நல்ல செய்தி போலிருக்கும். கடும் உழைப்பில் தசையின் ஆற்றல் மூலக்கூறுகள் சிதைந்து யூரிக் அமிலம் கூடும். அந்த யூரிக் அமிலமே இந்தச் சோதனையில் பெரும் மதிப்பெண் வாங்கிவிடும். ஆகவே மொத்தத் திறன் உயர்ந்தது பாதுகாப்பின் அடையாளமாகவும் இருக்கலாம், களைப்பின் அடையாளமாகவும் இருக்கலாம். யூரிக் அமிலத்தைத் தனியே அளந்தால் குழப்பம் தீரும்.

மலோண்டைஆல்டிஹைடை அளக்கும் பழைய தயோபார்பிட்யூரிக் முறை மலிவானது. பல ஆய்வகங்களிலும் கிடைக்கும். வேறு பல பொருள்களோடும் அது வினைபுரியும் என்பதால் அதன் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஒரே குதிரையை, ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் தொடர்ந்து பார்த்தால் பயன் தரும். மாதிரி மைனஸ் 80 டிகிரியில் உறைந்திருக்க வேண்டும். சாதாரண ஃப்ரீசரில் வாரக்கணக்கில் வைத்தால் குழாய்க்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் நடந்துவிடும்.

படி 9: தீவனத்தில் கைவைப்பதற்கு முன்

பச்சைப் புல் மேயும் குதிரைக்கு வைட்டமின் ஈ தாராளமாகக் கிடைக்கும். புல்லை வெட்டி உலர்த்தி வைக்கோலாக்கினால் அதில் பெரும்பகுதி அழிந்துவிடும். ஆகவே லாயத்தில் கட்டி உலர் தீவனம் போடும் போட்டிக் குதிரைகளுக்கே குறைபாடு வரும். சீரத்தில் மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் கொடுக்க வேண்டியதுதான். கடும் வேலை செய்யும் குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 யூனிட், அதாவது 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 800 யூனிட் என்பது ஏற்கப்பட்ட அளவு. முடிந்தால் இயற்கை வடிவத்தையே வாங்குங்கள். உடல் அதை நன்றாக ஏற்கும்.

செலினியம் அப்படி விளையாடக்கூடியது அல்ல. உலர்ந்த தீவனத்தில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் போதும். 8 கிலோ உலர் தீவனம் தின்னும் மர்ஷடோருக்கு நாளொன்றுக்கு 0.8 மில்லிகிராம். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் போலோ போட்டிக்கு வந்த வெனிசுவேலா அணியின் 21 குதிரைகள் அடுத்தடுத்து விழுந்து இறந்தன. போட்டிக்கு முன் களைப்பு நீங்கக் கொடுத்த ஊசிக் கலவையில் செலினியம் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது. அந்தக் குதிரைகளுக்கு ஒரு நோயும் இல்லை. இரத்தத்தில் செலினியம் குறைவு என்று எழுத்தில் வராமல், செலினியம் அடங்கிய எதையும் ஊசியாகப் போட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ஆன்டிஆக்சிடன்ட்டை அள்ளிக் கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சியில் எழும் ஃப்ரீ ராடிக்கல்களே, நொதிகளைப் பெருக்கு என்று தசைக்குச் சொல்லும் தூதும் ஆகும். வைட்டமின் சி, ஈ இரண்டையும் அதிக அளவில் கொடுத்துப் பயிற்சி செய்யவைத்த மனிதர்களிடம், பயிற்சியின் சில நன்மைகள் மழுங்கியதை 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. குறை இருந்தால் நிரப்புங்கள். நிறைந்ததன்மேல் ஊற்ற வேண்டாம்.

படி 10: மாதங்களுக்கு இடையே ஒப்பிடுங்கள்

பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் பிளாஸ்மாவின் அளவு பெருகும். அதனால் ஓய்வு நிலை ஹெமட்டோகிரிட் இறங்கக்கூடும். இதை இரத்தசோகை என்று எண்ணி இரும்பு ஊசி போடுகிறார்கள். உடலில் மொத்தச் சிவப்பணு குறைந்திருக்காது. பிளாஸ்மா மட்டும் கூடியிருக்கும். குதிரைகளுக்கு இரும்புக் குறைபாடு அரிது. மிகையான இரும்பு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், வெயில், நடந்த நிமிடங்கள், வேகம், ஊசியின்போது குதிரை இருந்த நிலை ஆகியவற்றை எழுதி, பக்கத்திலேயே ஆய்வக எண்களை ஒட்டுங்கள். வைட்டமின் ஈ கொடுக்கத் தொடங்கினால் சில வாரங்களில் மறுபடி பாருங்கள். செலினியம் மாற்றினால் சிவப்பணு நொதியை மூன்று மாதம் ஆவதற்குள் பார்த்துப் பயனில்லை. 24 மணி நேர மாதிரியில் கிரியேட்டின் கைனேஸ் ஓய்வு அளவை நெருங்கியிருந்து, செறிவைக் கழித்த பிறகு மலோண்டைஆல்டிஹைடும் இறங்கியிருந்தால் அடுத்த மார்ஷாவுக்குச் சேணம் கட்டலாம். இரண்டில் ஒன்று உயர்ந்தே நின்றால் அந்த வாரம் மேய்ச்சலில் விட்டு, 72 மணி நேரத்தில் மீண்டும் இரத்தம் எடுங்கள்.